பாடைச்சுழிச் செவலை

மில் வேலையை நான் சண்டை போட்டு விட்டேன் என்றுதான் ஊரில் பேச்சு. சண்டையெல்லாம் இல்லை. மேஸ்திரி ஒரு கேள்வி கேட்டார், நான் பதில் சொன்னேன். அவ்வளவுதான்.

எண்பதுகளின் பாதி தாண்டியிருக்கும். அப்போதெல்லாம் அருப்புக்கோட்டையில் நூல் மில்லில் பெர்மனென்ட் என்றால் அரசாங்க உத்தியோகத்துக்கு ஒரு படி கீழே, மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு படி மேலே. எனக்குக் கல்யாணம் பேசும்போது என் நிறத்தைப் பற்றியோ படிப்பைப் பற்றியோ யாரும் கேட்கவில்லை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். "பொண்ணு மில்லுல நிரந்தரமா?" என்று மட்டும் கேட்டார்கள். ஆமாம் என்றதும் வெற்றிலை மாற்றிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் சைக்கிள் கடை வைத்திருந்தார். பஞ்சர் ஒட்டுவார், காற்று அடிப்பார், வாடகைக்கு விடுவார். கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் என் வேலையைத்தான் பெருமையாகச் சொல்லுவார்.

மில்லில் எனக்கு அறுந்த நூலை ஒட்டுகிற வேலை. ஓடுகிற மிஷினுக்கு முன்னால் நடந்துகொண்டே இருக்க வேண்டும். அறுந்த இடத்தில் விரல் போக வேண்டும். கை சுத்தமான கை என்று பெயர் வாங்கியிருந்தேன். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சத்தத்துக்குள்ளே நிற்கும்போது நான் அங்கே இல்லை. வெளியே எங்கேயாவது ஒரு மாட்டின் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன்.

எங்கள் அப்பா வீட்டில் எப்போதும் கறவை உண்டு. நடக்கப் பழகின காலத்திலேயே நான் மடியடியில் உட்கார்ந்தவள். மில் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் ஓரம்தான் உட்காருவேன். கரிசல் காட்டில் மேய்கிற மாட்டைப் பார்த்து, இது எத்தனை மாதச் சினை, இது பால் மாடு, இது வயிறு மட்டும்தான் பெரிசு என்று சொல்லிக்கொண்டே வருவேன். பக்கத்து மிஷின்காரி என்னைவிட இளையவள், என்னை மதினி என்பாள். "மதினி, நீங்க மில்லுக்கு வாரீகளா, மாட்டாஸ்பத்திரிக்கு வாரீகளா?" என்று கேட்டு பஸ்ஸையே சிரிக்க வைப்பாள். ஆனால் நான் சொன்ன மாடு நான் சொன்ன வாரத்தில் கன்று போடும்.

அந்தச் சமயத்தில்தான் ஊருக்கு ஊர் பால் சொசைட்டி வந்தது. லோனில் மாடு வாங்க ஆரம்பித்தார்கள். வீட்டில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, பால் பீய்ச்சி, சாணி அள்ளப் போவது பொம்பளை. வாங்கப் போவது மட்டும் ஆம்பளை. அவர்களைத் தரகர் ஏமாற்றுவார். பால் இல்லாத மாட்டை இரண்டு வேளை கறக்காமல் விட்டு, மடி பெருக்க வைத்துக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அதனால் பொம்பளைகள் என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். "அக்கா, ஒரு எட்டு வந்து பாத்துச் சொல்லுங்க." நான் லீவு போட்டுவிட்டுப் போவேன். புது மாட்டின் பக்கத்தில் போய் நின்று, அது என்னைத் திரும்பிப் பார்க்கிற வரைக்கும் சும்மா இருந்து, பிறகு விலாவில் கை வைத்து மெல்ல மடிக்குக் கொண்டுபோகும்போது என் மனசில் ஒரு அமைதி வரும். கோயிலில் முழங்கால் போட்டால்கூட எனக்கு அது அவ்வளவு சீக்கிரம் வராது. சொன்னால் பாவமோ என்னமோ, உண்மை அதுதான்.

லீவு கூடிப்போனது. ஒரு நாள் மேஸ்திரி எல்லாருக்கும் முன்னால் கேட்டார். "ஏம்மா, உனக்கு லீவு எழுதி எழுதி எனக்குக் கை வலிக்கு. மாடா மில்லா? ஒண்ணச் சொல்லு."

"மாடு" என்றேன்.

டிபார்ட்மெண்டே சிரித்தது. அவரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் அவருக்கு முகம் மாறிப்போனது. நல்ல மனுஷன். சாயங்காலம் கேட்டுக்குப் பக்கத்தில் வைத்துத் தனியாகச் சொன்னார். "பங்குனி முடியிற வரைக்கும் உன் பேர அடிக்காம வச்சிருக்கேன். ஒடம்புக்குச் சரியில்லன்னு போட்டுக்கிறேன். புத்தி வந்தா வா."

விஷயம் எனக்கு முன்னால் கடைக்குப் போய்விட்டது. வீட்டுக்காரர் பாதி கழற்றின வீலோடு வீட்டுக்கு வந்தார்.

"நெசமாவா?"

"நெசந்தான்."

வீலைச் சுவரில் சாத்தினார். தண்ணீர் குடித்தார். அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. சைக்கிள் பெல்லைக்கூட மெதுவாக அடிக்கிறவர். கடைசியில் ஒன்று மட்டும் சொன்னார். "மில்லு சாகாதுளா. மாடு செத்துப்போகும்ல?"



ஆவணியில் விட்டேன். மாட்டுத் தரகில் இறங்கினேன். கார்த்திகை வரைக்கும் நன்றாகவே போனது. சந்தைக்கு நான் போன முதல் நாள் ஆம்பளைகள் எல்லாம் என்னை மாடு பார்க்கிற மாதிரிப் பார்த்தார்கள். அங்கே விலை பேசுவது துண்டுக்கு அடியில். ஒருத்தன் கையை ஒருத்தன் பிடித்து, விரலை அமுக்கி அமுக்கிப் பேசுவார்கள். வெளியே நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. நான் போனதும் ஒருத்தர் வேண்டுமென்றே துண்டை விரித்துக் கையை நீட்டினார். "வாங்க மதினி, விரலப் பிடிங்க." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "விரல உங்க பொண்டாட்டிட்ட குடுங்க. வெலைய எங்கிட்ட வாயில சொல்லுங்க" என்றேன். அதற்கும் சிரித்தார்கள், ஆனால் அந்தச் சிரிப்பு அவர் பக்கம் போனது. அன்றையிலிருந்து எனக்கு மில்லுக்காரம்மா என்று பெயர். மில்லை விட்டவளுக்கு அந்தப் பெயர்.

கார்த்திகைக் கடைசியில் மல்லாங்கிணறு தாண்டி ஒரு காட்டு வீட்டில் அந்தச் செவலையைப் பார்த்தேன். கலப்பு மாடு. நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு. இரண்டாம் ஈத்து, நல்ல சினை. வயிற்றுக்கு அடியில் பால் நரம்பு சுண்டுவிரல் கனத்துக்கு ஓடியது. காம்பு நாலும் அளந்து வைத்தது மாதிரி. பார்த்த நிமிஷத்தில் இது பால்குடம் என்று தெரிந்துபோனது. மாட்டுக்காரன் அதிகம் பேசாமல் சொன்ன விலைக்குக் கயிற்றைக் கையில் கொடுத்தான். அவ்வளவு லட்சணமான மாடு அதுவரைக்கும் ஏன் விலை போகாமல் நின்றது என்று எனக்குத் தோன்றவில்லை. என் கண்ணுக்குக் கிடைத்த மாடு என்றுதான் நினைத்தேன்.

அருப்புக்கோட்டையில் ஒரு நெசவுக்கார வீட்டுக்கு அதைப் பிடித்துக் கொடுத்தேன். வீட்டுக்குள்ளே தெலுங்கு பேசுகிறவர்கள், நம்மிடம் தமிழ். அந்த வீட்டு அம்மா என்னிடம் பிரியமாக இருப்பாள். மாட்டைப் பார்த்ததும் ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்தாள். அவள் புருஷன் தறிக்குழியிலிருந்து ஏறி வந்து மாட்டின் கழுத்தைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மார்கழியில் அவர் படுத்துவிட்டார். நெஞ்சுச் சளி, காய்ச்சல், மூச்சு இழுப்பு. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தார்கள். கேள்விப்பட்டு நான் போய்ப் பார்த்துவிட்டும் வந்தேன். அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மாடு நன்றாக இருந்தது. நான் மாட்டைத்தான் பார்த்தேன்.

மாட்டுப் பொங்கல் அன்று ஆள் வந்தது, உடனே வரச் சொல்லி. போனேன். வாசலில் செவலை நனைந்து நின்றது. குளிப்பாட்டியிருக்கிறார்கள். ஒரு கொம்புக்கு நீலப் பெயின்ட் அடித்திருந்தது, மற்றதற்கு அடிக்கவில்லை. பெயின்ட் டப்பா கீழே திறந்தபடி கிடந்தது. வீட்டு ஆட்கள் எல்லாரும் மாட்டை விட்டுத் தள்ளி நின்று தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு வார்த்தை விளங்கவில்லை. முகங்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன். 

படுத்துக் கிடந்தவரின் தம்பி மாட்டின் முதுகைக் காட்டினார். ரோமம் நனைந்து படிந்திருந்ததால் பளிச்சென்று தெரிந்தது. முதுகுத் தண்டுக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று, நேருக்கு நேராக இரண்டு சுழி.

"இது என்ன சுழின்னு தெரியுதா?"

"தெரியல" என்றேன்.

"பாடைச்சுழி. பாடைக்கு ரெண்டு பக்கமும் மூங்கில் கட்டுவாகள்ல, அது. இந்தச் சுழி மாடு நிக்கிற வீட்ல தலைக்கட்டு ஆம்பள தங்கமாட்டான்."

அந்த அம்மா அழுதுகொண்டே கேட்டாள். "நீங்க சுழி பாக்கலியாக்கா?"

"எங்க வீட்ல சுழி பாக்குறதில்ல, தாயி."

அதுதான் உண்மை. நாங்கள் வேதக்காரர்கள், ஏசுவைக் கும்பிடுகிறவர்கள். எங்கள் அப்பாவுக்கு மாட்டைப் பற்றித் தெரியாதது இல்லை. ஆனால் சுழி, சகுனம், நாள், நட்சத்திரம் என்று வாயைத் திறந்தால் வீட்டில் அடி விழும். மாட்டுக்குப் பல் பார்க்கக் கற்றுக்கொண்டேன். கண், தோல், மடி, குளம்பு, நடை, சாணி எல்லாம் கற்றுக்கொண்டேன். ரோமம் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று மட்டும் என் கண் பார்த்ததே இல்லை. வாங்குகிற வீட்டில் அதைக் கேட்கவும் மாட்டார்கள். சுழி பார்த்துக் கழித்துவிட்டுத்தான் தரகர் மாட்டையே கொண்டுவருவார் என்பது அவர்களுக்குத் தாய்ப்பாலோடு வந்த நம்பிக்கை. அதைப் பார்க்காத ஒரு தரகர் உலகத்தில் இருப்பார் என்று அவர்களுக்கும் தெரியாது, அதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கும் தெரியாது. அதுவரைக்கும் தப்பித்தது அதிர்ஷ்டம்.

தம்பிக்காரர் சிரித்தார். கோபத்தில் வருகிற சிரிப்பு. "சோசியம் சொல்ல உக்காந்தவன், எனக்கு நட்சத்திரம் பாக்கத் தெரியாதுன்னானாம். அந்தக் கதையால்ல இருக்கு."

"மாட்ட நான் ஓட்டிட்டுப் போறேன். குடுத்ததத் திருப்பித் தந்துருதேன்."

"எங்க ஓட்டிட்டுப் போவீக? இன்னொருத்தன் தலையில கட்டவா?"

"என் வீட்டுக்கு."

"உங்க வீட்ல ஆம்பள இல்லியா?"

"இருக்காக" என்றேன்.

கயிற்றை அவிழ்த்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். ஊரெல்லாம் மாடுகளுக்குக் கொம்பு தீட்டி, கழுத்தில் மாலை போட்டு, பொங்கலோ பொங்கல் என்று சத்தம். ஒற்றைக் கொம்பு நீலமாய், ஈரம் சொட்டச் சொட்ட ஒரு சினை மாட்டை நடுத்தெருவில் ஓட்டிக்கொண்டு போனேன். விஷயம் எனக்கு முன்னால் நடந்துபோய்க்கொண்டிருந்தது. வாசலில் நின்ற ஆம்பளைகள் உள்ளே போனார்கள்.

வீட்டுக்காரர் மாட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். எல்லாம் சொன்னேன். குனிந்து பார்த்தார்.

"ரெண்டும் நேராத்தான் இருக்கு, பாத்தியா."

"இருந்தா என்ன? நம்ம வேதக்காரங்க. நமக்குச் சுழி கிடையாது."

"நம்ம வேதக்காரங்கன்னு மாட்டுக்குத் தெரியுமாளா?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஆனால் அன்றையிலிருந்து கட்டிலைத் தொழுவத்துப் பக்கத்திலிருந்து நகர்த்தித் தெருப்பக்கம் போட்டுக்கொண்டார். காற்று வருகிறது என்று காரணம் சொன்னார். கழுத்தில் கிடந்ததை விற்று நெசவுக்காரருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முடித்தேன்.

மாடு போன அந்த வாரமே நெசவுக்காரர் எழுந்து உட்கார்ந்தார். தை முடிவதற்குள் அந்த வீட்டில் தறிச் சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரியில் மருந்து மாற்றிக் கொடுத்தார்கள் என்று அந்த அம்மா பிற்பாடு என்னிடம் சொன்னாள். ஆனால் மருந்தைப் பற்றி ஊரில் யார் பேசுகிறார்கள்? மாடு போனது, மனுஷன் எழுந்தான். அதோடு என் கதை முடிந்தது. மாடு பார்க்க யாரும் கூப்பிடவில்லை. சந்தைக்குப் போனால் ஆம்பளைகள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். மரியாதைக்கு ஒதுங்கவில்லை. எல்லாரும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். "மில்லுக்காரம்மா, அண்ணாச்சி சௌக்கியமா?"

கடையில் அவருக்கும் அதே கதை. சாயங்காலம் வந்து சொல்லுவார். "காத்தடிக்க வாரவனெல்லாம் என் கண்ணப் பாக்கான், நாக்கப் பாக்கான். பல்லப் பிடிச்சுப் பாக்காததுதான் பாக்கி." சொல்லும்போது சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. ஏனென்றால் நானும் பார்க்க ஆரம்பித்திருந்தேன். அவர் தும்மினால் திரும்பிப் பார்ப்பேன். ஒரு வாய் சோறு குறைவாகச் சாப்பிட்டால் ஏன் என்று கேட்பேன். சைக்கிளில் போய்த் திரும்ப நேரமானால் வாசலுக்கும் தொழுவத்துக்குமாக நடப்பேன். எனக்கு நம்பிக்கை கிடையாது. கிடையாது என்று நூறு தடவை எனக்கே சொல்லிக்கொண்டேன். நம்பிக்கை இல்லாதவளுக்கு எதற்கு இந்தக் காவல்?

எங்கள் சபைப் போதகர் ஜெபம் செய்ய வந்தார். சுழி என்பதெல்லாம் அஞ்ஞானம், கர்த்தர் மேல் பாரத்தை வை என்று நன்றாகத்தான் பேசினார். போகும்போது தொழுவத்து வழியாகப் போனவர், நின்று, எட்டி மாட்டின் முதுகைப் பார்த்துவிட்டுப் போனார்.

மாசியில் வீரசோழனிலிருந்து ஒரு பாய் வந்தார். கறவை மாடு வாங்கி விற்கிறவர், சந்தையில் பழக்கம். செவலையைச் சுற்றி வந்து மடியைப் பார்த்துவிட்டு என்னிடம் நேராகப் பேசினார். "அக்கா, எங்களுக்குச் சுழி கிடையாது. நல்ல மாடு. நீங்க போட்ட காசு கிடைக்கும். எனக்குக் குடுத்துருங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் தலை மறைந்ததும் வீட்டுக்காரர் ஆரம்பித்தார்.

"அதான் வந்து கேக்காகள்ல. குடுத்துரு."

"குடுத்தா, பயந்துபோய்க் குடுத்துட்டான்னு பேசுவாக."

"பயந்துபோய்க் குடுத்தாத்தான் என்னங்கேன்?"

"பயந்தவட்ட எவன் மாடு கேட்டு வருவான்? நான் குடுத்த மாட்ட நானே கட்டி வைக்க முடியலன்னா, நான் தரகுன்னு எப்படித் தெருவுல நடக்க?"

அவர் எழுந்து கடைக்குப் போய்விட்டார். என் வீம்புக்கு அவர் உயிரைக் கட்டித் தொழுவத்தில் போட்டிருக்கிறேனோ என்று ஒரு நினைப்பு. அதைத் தள்ளினால் மறுபடி வரும்.

பங்குனி பிறந்தது. செவலைக்கு மடி இறங்கி, மினுமினுவென்று ஆனது. இன்றைக்கோ நாளைக்கோ என்று நின்றது. மில்லில் எனக்குச் சொன்ன கெடுவும் அந்த மாதக் கடைசியில். பழைய மிஷின்காரி ஷிப்டு முடிந்து வந்து சொன்னாள். "மதினி, மேஸ்திரி கேக்காரு. வாரதுன்னா இந்த மாசத்துக்குள்ள வந்துரச் சொன்னாரு. அப்புறம் அவர் கையில இல்லையாம்."

அந்த வாரம்தான் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வந்தது.

முதலில் சாதாரணக் காய்ச்சல் மாதிரித்தான். பிறகு குளிர் எடுத்தது, கட்டில் ஆடியது. பெரியாஸ்பத்திரியில் ஊசி போட்டு மாத்திரை கொடுத்தார்கள். இறங்குவது போல இறங்கி மறுபடி ஏறியது. தெருவில் ஒவ்வொருத்தராக வந்து பார்த்தார்கள். கட்டிலைப் பார்ப்பார்கள், தொழுவத்தைப் பார்ப்பார்கள், போவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த என் மகள், "அப்பா செத்துப்போவாகளாம்மா? எங்க கிளாஸ்ல சொல்றாங்க" என்று கேட்டாள். அவளை அடிக்கக் கை ஓங்கிவிட்டு, அடிக்காமல் தொழுவத்துக்குப் போனேன்.

நடுமத்தியானம். செவலை அசைபோட்டுக்கொண்டு படுத்திருந்தது. நான் கையைத் தண்ணீர்த் தொட்டியில் நனைத்து, அதன் முதுகில் அந்த இரண்டு சுழியையும் அழுத்தித் தேய்த்தேன். ரோமத்தை ஒரே பக்கமாகப் படிய வைத்தேன். கையை எடுத்ததும் மெல்ல எழுந்து மறுபடி சுற்றிக்கொண்டது. மறுபடி நனைத்தேன், மறுபடி தேய்த்தேன். வெறி பிடித்தவள் மாதிரித் தேய்த்தேன். மாடு திரும்பி என்னைப் பார்த்தது.

அப்போதே முடிவு செய்துவிட்டேன். மில் பஸ் போகும் நேரம் பார்த்து ரோட்டில் நின்று, மிஷின்காரியிடம் "வாரேன்னு மேஸ்திரிட்ட சொல்லிரு" என்றேன். திருச்சுழி போகிற பஸ் கண்டக்டரிடம் வீரசோழன் பாய்க்குச் சொல்லியனுப்பினேன், காலையில் வந்து மாட்டை ஓட்டிக்கொண்டு போகச் சொல்லி. இரண்டையும் செய்துவிட்டு வீட்டுக்குள் வந்தபோது மனசு லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. மில் மிஷின் சத்தம்தான் காதில் கேட்டது.

மகள் அவரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். என்னைக் கூப்பிட்டார். உதடெல்லாம் வெடித்துப்போயிருந்தது.

"மாட்டக் குடுக்கப் போறியாமே?"

"ஆமா. நீங்க பேசாமப் படுங்க."

"உக்காரு. நான் சொல்றதக் கேளு. மாட்டக் குடுத்தப்புறம் எனக்குக் காய்ச்சல் விட்டா, பாத்தியா, மாடு போச்சு, மனுசன் எந்திரிச்சான்ம்பாக. நெசவுக்காரரு வீட்ல சொன்னாகள்ல, அதே மாதிரி. ரெண்டு தடவ ஆயிப்போகும். அப்புறம் உன் கையால ஒரு கோழிக்குஞ்சு கூட எவனும் வாங்கமாட்டான்."

"எனக்குத் தரகு வேண்டாம். நான் மில்லுக்குப் போறேன்."

"போயி? மில்லுல இருந்துக்கிட்டு ஜன்னல் வழியா மாடு பாப்பியா? பன்னெண்டு வருசமா உன் கூட இருக்கேன். நீ மில்லுல இருந்து வந்து ஒரு நாளாவது அங்க நடந்த கதை சொல்லிருக்கியாளா? வார வழியில பாத்த மாட்டக் கதைதான் சொல்லுவ." மூச்சு வாங்கினார். "நான் செத்தாலும் மாட்டாலதான் செத்தேம்பாக. பொழைச்சாலும் மாட்டாலதான் பொழைச்சேம்பாக. எனக்குன்னு ஒரு பேரு வேண்டாமா? மாடு இங்கனயே நிக்கட்டும். அது நிக்கும்போதே நான் எந்திரிக்கணும்."

"எந்திரிக்கலன்னா?"

அதைக் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் அதுதான் என் வாயில் வந்தது.

"அப்ப நீ மில்லுக்குப் போ" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அவர் முன்னால் அழுகிற வழக்கம் இல்லாததால் அடுப்படிக்குப் போய்க் கஞ்சியைக் கிண்டினேன்.

காலையில் பாய் வந்தார். கயிற்றுக்குக் கை நீட்டினவரிடம், "சொன்ன வாக்க மாத்துறேன் தம்பி, கோவிச்சுக்கிடாதீக" என்றேன். அவர் கட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்ன புரிந்துகொண்டாரோ, உள்ளே போய் வீட்டுக்காரருடைய நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, மனசுக்குள் ஓதினார். போகும்போது, "அண்ணாச்சி எந்திரிச்சதுக்கு அப்புறம் வாரேன். அப்ப நீங்க வெலைய ஏத்திருவீக. பரவாயில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பங்குனியில் என்னைச் சிரிக்க வைத்தது அவர் ஒருத்தர்தான்.

அன்று மத்தியானமே செவலைக்கு வலி கண்டது. உள்ளே ஒருத்தர் குளிரில் உதறிக்கொண்டு கிடக்கிறார், வெளியே ஒன்று வலியில் எழுந்து எழுந்து படுக்கிறது. இரண்டு பக்கமும் ஓடினேன். ஈரத் துணியை நெற்றியில் போட்டுவிட்டு வருவேன், வாலைப் பிடிப்பேன். கன்றுக்கு ஒரு முன்கால் மடங்கியிருந்தது. உள்ளே கை விட்டு அதை நிமிர்த்தினேன். கிடேரிக் கன்று. தாய் மாதிரியே செவலை. "என்ன கன்னு?" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "கிடேரி" என்றேன். "முதுகப் பாரு" என்றார். நான் பார்க்கவில்லை. வைக்கோலால் துடைத்துத் தாயின் முகத்துக்கு நேரே போட்டேன்.

காய்ச்சல் உடனே விட்டுவிடவில்லை. சீம்பால் எல்லாம் முடிந்து, நல்ல பால் வந்து, சொசைட்டிக்குக் கொண்டுபோய் ஊற்ற ஆள் இல்லாமல் நானே வீட்டில் மோராக்கிக் குடித்துக்கொண்டிருந்த நாட்களிலும் அவர் படுத்துத்தான் கிடந்தார். பங்குனி முடிந்தது. மில்லில் என் பெயரை அடித்துவிட்டார்கள். மிஷின்காரி வந்து சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் உள்ளே அவருடைய இருமலைக் காதில் வாங்கிக்கொண்டு நின்றேன். அதுவும் போனது, இதுவும் போய்விட்டால் என்ன செய்வேன் என்று அன்றைக்கு நினைத்ததைப் போல அதற்கு முன்னாலும் நினைத்ததில்லை, பின்னாலும் நினைத்ததில்லை.

சித்திரையில் ஒரு நாள் காலை அவராகவே எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு தொழுவத்துக்கு வந்தார். செவலைக்கு முன்னால் உட்கார்ந்து, "போதுமா? பாத்துக்கிட்டியா?" என்று அதனிடம் கேட்டார். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. அடுத்த வாரம் கடையைத் திறந்தார். பம்ப் அடிக்கப் பலமில்லாமல், வந்தவர்களையே அடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்குக் காற்று அடிக்க வந்த கூட்டத்துக்கு அளவில்லை. நல்ல டயரில் காற்றை இறக்கிவிட்டு வந்தவனும் உண்டு.

முதலில் வந்தது அந்த நெசவுக்கார வீட்டு அம்மாதான். செவலை அவள் குரலைக் கேட்டுத் தலையைத் தூக்கியது. அவள் அதன் பக்கத்தில் வரவில்லை, வாசலோடு நின்றுகொண்டாள்.

"அண்ணன் நல்லாயிருக்காகளாக்கா?"

"கடையில இருக்காக. வார வழியில பாத்துட்டுத்தான வந்திருப்ப."

அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. புடவைத் தலைப்பைச் சுருட்டினாள். "வீட்டுக்கு ஒரு மாடு வேணும். உங்களத் தவிர யாரு பாத்துக் குடுப்பாக? ஆனா கொழுந்தனாரு கூட வருவாரு. சுழி அவரு பாத்துக்கிருவாராம்."

எனக்குள் ஒரு பெரிய வார்த்தை எழும்பியது. விழுங்கினேன். "வரச் சொல்லு" என்றேன்.

அப்படித்தான் என் தொழில் மறுபடி ஆரம்பித்தது. தம்பிக்காரர் முதுகைப் பார்ப்பார், நான் மடியைப் பார்ப்பேன். பிறகு அவர் வராமலே நானே எல்லாச் சுழியும் தெரிந்துகொண்டேன். எந்த வீட்டுக்குப் போனாலும், இதில் இன்ன சுழி இருக்கிறது, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, உங்களுக்கு இருந்தால் விட்டுவிடுங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். தொண்ணூறுகள் முழுக்க இந்தப் பக்கத்துக் கறவைகளில் பாதி என் கை பட்டவை. செவலை எங்கள் வீட்டிலேயே கிழடாகிச் செத்தது. அதற்குப் பிறகும் என் வீட்டுக்காரர் பல வருஷம் இருந்தார்.

ஒன்று மட்டும் எனக்குத் திரும்பி வரவில்லை. மில்லுக்கு லீவு போட்ட காலத்தில் புது மாட்டின் பக்கத்தில் போய் நிற்கும்போது அந்த அமைதி வரும் என்றேனே, அது குறைந்துபோனது. விலாவில் வைக்கிற கை மடிக்குப் போகாது. தானாக முதுகுக்கு ஏறும். ரோமத்தை விலக்கும். அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் கீழே இறங்கும். நம்பிக்கை கிடையாது. ஆனாலும் கை அங்கேதான் முதலில் போகிறது.